பொதுத்தேர்வும் பெற்றோரும் - கேட்டுக்கு வெளியே ஒரு வரலாறு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் பக்கம் பல வீடுகளில் சத்தமாகப் பேசவே முடியாது. வீட்டில் பத்தாம் வகுப்போ ப்ளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருந்தால் டி.வி. அணைந்துவிடும். செல்போன் அலமாரிக்குள் போய்விடும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் போய் மொய் எழுதிவிட்டுத் திரும்பி வருவார். தேர்வன்று காலையில் பள்ளி கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம் நிற்கும். உள்ளே மணி அடித்த பிறகும் அது கலையாது.

பள்ளிக் கட்டணம், டியூஷன் கட்டணம், கைடு, வினா வங்கி, ஆட்டோ, அதிகாலை காபி என்று எல்லாம் பெற்றோர் செலவு. மாணவருக்கு அடுத்தபடியாக ஒரு பொதுத்தேர்வுக்கு உழைப்பவர் பெற்றோர்தான். ஆனால் எந்த வகுப்பில் தேர்வு வைப்பது, எத்தனை மதிப்பெண்ணுக்கு வைப்பது, அந்த மதிப்பெண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்பதையெல்லாம் முடிவு செய்யும் இடத்தில் அவர் இருந்தாரா? வணிகவியல் பாஷையில் சொன்னால், பெற்றோர் முதல் போட்ட பங்குதாரர். பொதுக்குழுக் கூட்டத்துக்கு மட்டும் அவருக்கு அழைப்பு வருவதில்லை!

தமிழ்நாட்டில் தேர்வு முறை கடந்த நாற்பது வருடங்களில் பல தடவை மாறியிருக்கிறது. அதில் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு எடுத்த முடிவுகள் எத்தனை, முடிவெடுத்த பிறகு பெற்றோர் சத்தம் போட்டதால் மாறியவை எத்தனை என்று பிரித்துப் பார்த்தால் சுவாரஸ்யமான கதை ஒன்று கிடைக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. காலம்

சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது 1911 வாக்கில். அதற்கு முன் பள்ளிப் படிப்பின் முடிவு என்பது பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வு. எஸ்.எஸ்.எல்.சி. வந்த பிறகு அந்தச் சான்றிதழ்தான் நடுத்தரக் குடும்பத்தின் சொத்துப் பத்திரம் மாதிரி ஆனது. குமாஸ்தா வேலை, ரயில்வே வேலை, தபால் ஆபீஸ் வேலை எல்லாவற்றுக்கும் அதுதான் நுழைவுச் சீட்டு.

தாம்பரம் வளர்ந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1931ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு தாம்பரத்துக்கு வந்தது. 1949ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொடங்கப்பட்டது. காலையில் ரயில் ஏறி ஆபீஸ் போய் மாலையில் திரும்பும் குடும்பங்கள் இந்த ஸ்டேஷன்களைச் சுற்றிக் குடியேறின. அந்த வீடுகளில் அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது ஒரு சான்றிதழ். பிள்ளைக்கும் அதுதான் வாங்கிக் கொடுக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. அதனால் தேர்வைக் கேள்வி கேட்கும் எண்ணமே யாருக்கும் வரவில்லை. பாஸா, ஃபெயிலா என்பதுதான் கேள்வி.

பொதுமக்கள் பள்ளிக்கூட விஷயத்தில் பெரிய அளவில் பங்கெடுத்தது காமராஜர் ஆட்சிக் காலத்தில். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு 1958ல் கடம்பத்தூரில் நடந்தது. கடம்பத்தூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். தாம்பரமும் அதே மாவட்டம்தான். ஊர் மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், கட்டடத்துக்கு நிலம் கொடுத்தார்கள். மதிய உணவுத் திட்டமும் இதே போல ஊராரின் கொடையோடு தொடங்கியதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெற்றோர் கொடுக்கலாம் என்று அரசு சொன்னது, அவர்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். என்ன கற்றுத் தருவது, எப்படிச் சோதிப்பது என்பது மட்டும் துறையின் வேலையாகவே இருந்தது. இந்த வேலைப் பிரிவினை பிறகும் பல காலம் அப்படியே நீடித்தது.

பெற்றோர் ஆசிரியர் கழகமும் வினா வங்கியும்

பெற்றோருக்கென்று ஒரு அமைப்பு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. அதற்கு மாநில அளவிலும் ஒரு கழகம், சென்னை கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறை வளாகத்துக்குள்ளேயே (டி.பி.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும்) இருக்கிறது.

அந்த மாநிலக் கழகத்தின் பெயரைக் கேட்டால் பெரும்பாலான மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது என்ன? வினா வங்கி! பத்தாம் வகுப்புக்கும் ப்ளஸ் டூவுக்கும் அந்தக் கழகம் வெளியிடும் வினா வங்கிப் புத்தகங்கள் அவ்வளவு பிரபலம். விலை குறைவு, கேள்விகள் நம்பகமானவை, ஏழை மாணவர்களுக்குப் பெரிய உதவி. அந்தப் புத்தகத்தை மட்டும் படித்துப் பாஸான மாணவர்கள் ஏராளம். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெற்றோரின் பெயரில் இயங்கும் அமைப்பு, தேர்வை எதிர்கொள்ள உதவுவதில் பேர் வாங்கியது. இந்தத் தேர்வு இப்படித்தான் இருக்க வேண்டுமா என்று விவாதிக்கும் மேடையாக அது வளரவில்லை. பள்ளி அளவிலான கழகங்களும் கட்டடம், கழிப்பறை, ஆண்டு விழா, சம்பளம் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் தற்காலிக ஆசிரியர் என்று ஓடிக்கொண்டிருந்தன.

1978ல் பழைய பதினொரு வருட எஸ்.எஸ்.எல்.சி. போய் பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தது, முதல் ப்ளஸ் டூ தேர்வு 1980ல் நடந்தது. அது அந்தக் காலத்தில் மிகப் பெரிய மாற்றம். அதுவும் அரசு அறிவித்து, பெற்றோர் ஏற்றுக்கொண்ட மாற்றம்தான்.

நுழைவுத் தேர்வு: பெற்றோர் கோர்ட்டுக்குப் போன காலம்

1984ல் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, மொத்தம் 300க்குக் கட்-ஆஃப். இந்த ஒரு கணக்கு புறநகர்க் குடும்பங்களின் வாழ்க்கையையே மாற்றியது. ப்ளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளே கோச்சிங் வகுப்பு. பணம் உள்ளவர் சேர்ந்தார்கள். மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டவில்லை.

இந்தத் தேர்வு வேண்டாம் என்ற குரல் வலுத்து, 2005 ஜூனில் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வை ரத்து செய்து அரசாணை போட்டது. அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2006ல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். அதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆட்சி மாறியது. கருணாநிதி அரசு எம். ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, வெவ்வேறு போர்டுகளின் மதிப்பெண்களைச் சமன் செய்யும் முறையோடு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2007 மார்ச்சில் ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்து அந்த வருடத்திலிருந்து நுழைவுத் தேர்வு நின்றது. கட்-ஆஃப் 200க்கு வந்தது.

இந்த வழக்குகளைப் போட்டது யார்? முக்கிய வழக்குகளின் தலைப்பிலேயே 'மைனர்' என்ற சொல் இருக்கும். பதினெட்டு வயது ஆகாத மாணவருக்காகப் பெரியவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அதாவது கோர்ட் வாசலில் நின்றது பெற்றோர்தான். தேர்வுக் கொள்கையில் பெற்றோர் நேரடியாகத் தலையிட்ட முதல் பெரிய வழி இதுவே. சி.பி.எஸ்.இ.யில் படித்த பிள்ளையின் பெற்றோருக்கு நுழைவுத் தேர்வு போனால் நஷ்டம் என்று பயம். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளையின் பெற்றோருக்கு அது போனால்தான் நியாயம் என்ற எண்ணம். இரண்டு வீடுகளும் ஒரே தெருவில் இருக்கலாம்!

ஆகவே 'பெற்றோரின் கருத்து' என்று ஒருமையில் சொல்வதே கொஞ்சம் தவறு. பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதைப் பொறுத்துக் கருத்து மாறும். கோர்ட்டுக்குப் போக வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், நேரம் வேண்டும். அதெல்லாம் இருப்பவரின் கருத்து பதிவாகிறது. தினக்கூலிக்குப் போகும் பெற்றோரின் கருத்து எந்தத் தீர்ப்பிலும் மனுதாரர் தரப்பு வாதமாக வருவது அபூர்வம்.

சமச்சீர் கல்வியின்போதும் இதே கதை. அதுவரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு முறைகள். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு 500 மதிப்பெண், மெட்ரிகுலேஷனில் 1100! இதை ஒன்றாக்கும் சட்டம் 2010ல் வந்தது. 2011ல் புதிய அரசு அதை நிறுத்திவைக்கப் பார்த்தது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், 2011 ஆகஸ்ட் 9ல் உச்ச நீதிமன்றம் அந்த வருடமே சமச்சீர் கல்வியை அமல்படுத்தச் சொன்னது. ஜூனில் திறந்த பள்ளிகளில் ஏறக்குறைய இரண்டு மாதம் எந்தப் புத்தகம் என்றே தெரியாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தரம் குறைந்துவிடும் என்று மெட்ரிகுலேஷன் பெற்றோர் பலர் கவலைப்பட்டார்கள். நம் பிள்ளைக்கும் அதே புத்தகம் கிடைக்கும் என்று அரசுப் பள்ளிப் பெற்றோர் சந்தோஷப்பட்டார்கள். இரண்டுமே நியாயமான உணர்ச்சிகள்தான்.

75 சதவீதம் பெற்றோர், ஆனால்...

இதற்கிடையில் மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் ஃபெயிலாக்கி அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது. தொடர்ச்சியான மதிப்பீடு போதும்.

இரண்டு, பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 75 சதவீதம், பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கும் விகிதப்படி இடம் வேண்டும். பள்ளி நிர்வாகத்தில் பெற்றோருக்குச் சட்டப்படி பெரும்பான்மை கிடைத்தது இதில்.

குழுவின் வேலை என்ன? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது. தேர்வைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் இதில் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் இந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தக் குழு கட்டாயமே இல்லை. தாம்பரம் மாதிரி தெருவுக்குத் தெரு தனியார் பள்ளி இருக்கும் இடத்தில் இதன் அர்த்தம் என்ன? பெரிய கட்டணம் கட்டும் பெற்றோருக்குச் சட்டப்படி நாற்காலி இல்லை. கட்டணமே கட்டாத அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு நாற்காலி உண்டு, தேர்வு விஷயத்தில் வாக்கு இல்லை.

தமிழ்நாட்டில் பல வருடங்கள் இந்தக் குழுக்கள் பெரும்பாலும் பெயரளவில்தான் இருந்தன. 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, பிறகு குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். தலைவராக ஒரு மாணவரின் தாய் இருப்பது வழக்கமானது. 2024ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு

இப்போது கதையின் முக்கியமான கட்டம். 2019ல் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வு வைக்கலாம், தேறாதவருக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்துவதா என்பதை அரசு முடிவு செய்யலாம் என்றது அந்தத் திருத்தம்.

2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அதைப் பின்பற்றி, அந்தக் கல்வியாண்டிலிருந்தே ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை போட்டது. முதல் மூன்று வருடம் யாரையும் ஃபெயிலாக்க மாட்டோம் என்று பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் விளக்கம் சொன்னார். அப்படியானால் தேர்வு எதற்கு, மூன்று வருடம் கழித்து என்ன ஆகும் என்ற கேள்விகள் உடனே எழுந்தன.

எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முற்றிலும் புதுசு என்று சொல்ல முடியாது. பழைய நாட்களில் ஈ.எஸ்.எல்.சி. என்ற எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தது. தனித்தேர்வர்களுக்கு அது பிறகும் தொடர்ந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்பு? பத்து வயதுப் பிள்ளை! வேறு பள்ளிக்குப் போய் எழுத வேண்டியிருக்குமோ என்று ஒரு பயம் பரவியது. அவரவர் பள்ளியிலேயே எழுதலாம் என்று பிறகு சொல்ல வேண்டியதாயிற்று.

எதிர்ப்பு பல பக்கத்திலிருந்து வந்தது. ஆசிரியர் சங்கங்கள், கல்வியாளர்கள், எதிர்க்கட்சிகள், பெற்றோர். பெற்றோரின் வாதங்களை மூன்றாகச் சுருக்கலாம்.

முதலாவது, பயம். பொதுத்தேர்வு என்ற சொல்லே பெரியவர்களைக் கலக்கும்போது, மூன்றாம் வகுப்பிலிருந்தே டியூஷன் தொடங்கிவிடும்.

இரண்டாவது, இடைநிற்றல். ஃபெயிலான பிள்ளை மறுபடி அதே வகுப்பில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காராது. ஆண் பிள்ளை என்றால் வேலைக்குப் போகும். பெண் பிள்ளை என்றால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். தாம்பரத்தைச் சுற்றிக் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களில் இது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் ரொம்ப நேர்மையான கேள்வி. ஐந்து வருடம் பள்ளியில் உட்கார்ந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் ஃபெயிலானது யார்? பிள்ளையா, பள்ளிக்கூடமா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தேர்வு வேண்டும் என்று சொன்ன பெற்றோரும் இருந்தார்கள். "படிக்காமலே பாஸ் போட்டால் பிள்ளை எப்படி உருப்படும்?" என்பது டீக்கடையிலும் ரயிலிலும் அடிக்கடி கேட்கிற வாதம். ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று தடுக்கி விழுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது என்பது அவர்கள் எண்ணம். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. பிள்ளை என்ன கற்றது என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதைத் தெரிந்துகொள்ள மாநிலம் முழுக்க ஒரே நாளில் பொதுத்தேர்வு வைத்தால்தான் முடியுமா என்பதுதான் விவாதமே.

2020 பிப்ரவரி 4 அன்று அரசு பின்வாங்கியது. பல தரப்பிலிருந்தும் வந்த கோரிக்கைகளை ஏற்று ஐந்து, எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, பழைய முறையே தொடரும் என்று செங்கோட்டையன் அறிவித்தார். தேர்வுக்கு இரண்டு மாதம் கூட இல்லாத நேரம். அதற்குள் எத்தனையோ வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைகள் அரையாண்டு விடுமுறையைக் கேள்வி பதில் மனப்பாடம் செய்தே கழித்திருப்பார்கள். செப்டம்பருக்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்த ஐந்து மாதக் கலக்கம் மிச்சமாகியிருக்கும்.

கொரோனா சொல்லிக் கொடுத்தது

அடுத்த சில வாரங்களில் கொரோனா வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளிப்போய், கடைசியில் 2020 ஜூன் 15 முதல் நடத்துவோம் என்றது அரசு. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பெற்றோர் மத்தியில் பயம் கூடியது, வழக்குகள் வந்தன. இத்தனை பிள்ளைகளின் உயிரோடு எப்படி விளையாட முடியும் என்ற தொனியில் உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்ப, ஜூன் 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தேர்வை ரத்து செய்தார். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று எல்லோரும் தேர்ச்சி.

நான்கே நாள் கழித்து என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். ஜூன் 19 முதல் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் முழு ஊரடங்கு வந்தது. தாம்பரம் வட்டாரம் அதற்குள்தான் இருந்தது. தேர்வு அறிவித்தபடி தொடங்கியிருந்தால் இந்தப் பகுதிப் பிள்ளைகள் பாதித் தேர்வு எழுதிய நிலையில் வீட்டுக்குள் அடைபட்டிருப்பார்கள். பெற்றோரின் பயம் வெறும் பயம் இல்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

அடுத்த வருடம் நடந்ததுதான் வித்தியாசம். 2021 ஜூன் 1 அன்று மத்திய அரசு சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூவை என்ன செய்வது? அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி பெற்றோர், மாணவர், ஆசிரியர், கல்வியாளர் எல்லோரிடமும் கருத்துக் கேட்கப்படும் என்றார். மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள், தொலைபேசி உதவி எண் கொடுத்தார்கள், மாவட்ட அதிகாரிகள் பெற்றோரிடம் பேசினார்கள், சட்டமன்றக் கட்சிகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஜூன் 5 அன்று ரத்து அறிவிப்பு வந்தது. பத்தாம் வகுப்புக்கு 50, ப்ளஸ் ஒன்னுக்கு 20, ப்ளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று மதிப்பெண் கணக்கு போட்டார்கள்.

முடிவு எல்லோருக்கும் பிடித்திருக்காது. நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு வருத்தம்தான். ஆனால் பெற்றோரிடம் கேட்ட பிறகு வந்த முடிவு என்பதால், ஐந்தாம் வகுப்பு அறிவிப்புக்கு எழுந்த மாதிரியான எதிர்ப்பு இதற்கு எழவில்லை. கேட்பதற்கு ஆன நேரம் சில நாட்கள்!

நீட்: கேட்டார்கள், பலன்?

நீட் விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2018ல் தமிழ்நாட்டு மாணவர் பலருக்குக் கேரளத்திலும் வேறு மாநிலங்களிலும் தேர்வு மையம் போட்டார்கள். முன்பின் தெரியாத ஊருக்குப் பிள்ளையோடு பெற்றோர் ரயிலில் அலைந்தார்கள். மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போன ஒரு தந்தை, மகன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோதே அங்கே இறந்துபோனார்.

2021ல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு நீட்டின் தாக்கம் பற்றிக் கருத்துக் கேட்டபோது 86,000க்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். கோர்ட்டுக்குப் போக முடியாதவரும் கருத்துச் சொல்ல முடிந்த இடம் அது. அதன் அடிப்படையில் விலக்கு மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. 2023 ஆகஸ்டில் கிண்டி ராஜ்பவனில் நீட்டில் நல்ல மதிப்பெண் எடுத்த மாணவர்களைப் பாராட்டும் கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுந்து, விலக்கு மசோதாவுக்கு எப்போது ஒப்புதல் தருவீர்கள் என்று ஆளுநர் ஆர்.என். ரவியிடம் நேரடியாகக் கேட்டார். ஒருபோதும் தரமாட்டேன் என்பது பதில். இத்தனைக்கும் மசோதா அப்போது ஜனாதிபதியிடம் இருந்தது. 2025 ஏப்ரலில் ஜனாதிபதி ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நீட் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஐந்தாம் வகுப்புத் தேர்வை முடிவு செய்தது கோட்டை. பெற்றோரின் சத்தம் தாம்பரத்திலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகும் தூரம்தான். நீட்டை முடிவு செய்வது டெல்லி. முடிவெடுப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவுக்குப் பெற்றோரின் குரல் தேய்கிறது.

வெளியூரில் எப்படி?

அமெரிக்காவில் 2002ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருடா வருடம் மாநிலத் தேர்வு கட்டாயமானது. 2015ல் நியூயார்க் மாநிலத்தில் பெற்றோர் ஒரு காரியம் செய்தார்கள். தேர்வன்று பிள்ளையை எழுத விடவில்லை! ஏறக்குறைய ஐந்தில் ஒரு மாணவர், 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதவில்லை. அந்த வருட டிசம்பரில் அந்த மதிப்பெண்களை வைத்து ஆசிரியர்களை எடைபோடுவதை மாநிலம் நிறுத்திவைத்தது.

இங்கிலாந்தில் 2016 மே 3 அன்று, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான தேர்வை எதிர்த்துப் பெற்றோர் பிள்ளைகளை ஒரு நாள் பள்ளிக்கு அனுப்பவில்லை. அந்தத் தேர்வு 2023-24 முதல் கட்டாயம் இல்லை என்றானது.

இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்றால் வீடே நடுங்கும். நல்ல பாடசாலைக்குப் போக ஏழைப் பிள்ளைக்கு அதுதான் ஏணி என்பதால் அங்குள்ள பெற்றோர் பலர் அதை விடத் தயாராக இல்லை. 2024 செப்டம்பர் பரீட்சையில் சில கேள்விகள் முன்கூட்டியே வெளியானபோது விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

தமிழ்நாட்டில் பிள்ளையைத் தேர்வெழுத விடாமல் வைக்கும் துணிச்சல் எந்தப் பெற்றோருக்கும் வராது. மதிப்பெண் பட்டியல் இல்லாமல் அடுத்த படிக்கட்டு கிடையாது என்பது காரணம். இங்கே தேர்வுதான் சீட்டு. அதனால்தான் பெற்றோரை முன்பே கேட்பது இங்கே இன்னும் அவசியமாகிறது.

ஒரே ஊர், இரண்டு சட்டம்

2017-18ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. தனியார் பள்ளிகள் பல ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் உண்மைதான். ஆனால் தவறு செய்தது பள்ளி, சுமந்தது பிள்ளை. 10, 11, 12 என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு. அடுத்த வருடமே ப்ளஸ் ஒன் மதிப்பெண்ணை உயர்கல்விக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று மாற்றினார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வே போனது.

2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்து, எட்டாம் வகுப்பில் தேறாதவரை நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாடு, எங்கள் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சிதான் என்றது. இதன் விளைவு தாம்பரத்திலேயே தெரியும். விமானப்படை நிலையத்தில் உள்ள கேந்திரிய வித்யாலயாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு விதி. வெளியே சில தெரு தள்ளி மாநகராட்சிப் பகுதி அரசுப் பள்ளியில் அதே வயதுப் பிள்ளைக்கு வேறு விதி. இந்த இரண்டு விதியையும் எழுதியபோது இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் அதில் வாக்கு இல்லை.

என்ன செய்யலாம்? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்கிறது, தலைவராக ஒரு தாய் இருக்கிறார், கூட்டம் நடக்கிறது. தேர்வு முறையில் மாற்றம் வருகிறது என்றால் அரசாணைக்கு முன்பு அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் அதை வைத்துக் கேட்கலாம். தனியார் பள்ளிகளிலும் அதே போலப் பெற்றோருக்கு ஒரு கூட்டம் கட்டாயமாக்கலாம். பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக வரும். வரட்டும். சி.பி.எஸ்.இ. பெற்றோரும் மாநிலப் பாடத்திட்டப் பெற்றோரும், தேர்வு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் சொல்வதை எடைபோட்டு முடிவெடுப்பது அரசின் வேலைதான். அந்த வேலையைப் பெற்றோர் கேட்கவில்லை. எடைபோடும் தராசில் தங்கள் சொல்லையும் வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

2021 ஜூனில் நாலைந்து நாளில் அது முடிந்தது. அவசரம் இல்லாத காலத்திலும் அதைச் செய்வதற்குத் தடை என்ன?